ஃபார்மட் சார்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. தெருவுக்கு அவர் ஃபார்மட் சார். திருச்சி கே.கே. நகரில் நாங்கள் குடியிருந்த தெருவில் அப்போது பத்துப் பன்னிரண்டு வீடுகளில் கம்ப்யூட்டர் இருந்தது. எல்லாமே அவர் கையால் ஒருமுறையாவது செத்துப் பிழைத்தவை.

பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவர். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வைத்தியர். சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பென் டிரைவ், ருத்திராட்சம் மாதிரி. மஞ்சப்பைக்குள் சிடி உறைகள், ஒரு பெயின்ட் பிரஷ், பாதி தேய்ந்த நடராஜ் ரப்பர். காசு வாங்கமாட்டார், காபி மட்டும்தான், சர்க்கரை கம்மியாக. ஆபத்தே அங்கேதான். காசு கொடுத்திருந்தால் "என்னய்யா செஞ்சு வச்சிருக்கே?" என்று கேட்கலாம். இலவச வைத்தியரிடம் "இன்னொரு காபி சாப்பிடுறீங்களா சார்?" என்றுதான் கேட்க முடியும்.

இப்படி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருந்தார் என்று பின்னால் நண்பர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு தலபுராணம் உண்டு. எங்கள் சாருடையது 2003 ஆகஸ்டில் நடந்தது. பிளாஸ்டர் என்ற புழு உலகமெங்கும் விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த மாதம். நெட்டை இணைத்த கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு பெட்டி முளைக்கும். 60 வினாடியில் அணைந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு 59, 58 என்று எண்ணத் தொடங்கும். கோடி வீட்டு வாத்தியார் மானிட்டரை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றாராம், மாடிப்படியில் உருளப்போகிற குழந்தையைப் பிடிப்பதுபோல. அப்போது சார் வந்தார். ரன் பெட்டியைத் திறந்தார். 'ஷட்டவுன்', ஓர் இடைவெளி, ஒரு சின்னக் கோடு, 'ஏ' என்று தட்டி என்டரை அழுத்தினார். எண்ணிக்கை 11-இல் நின்றது. 11 இல்லை, 3 என்று சத்தியம் செய்பவர்களும் தெருவில் இருக்கிறார்கள். புழு உள்ளே சௌக்கியமாகத்தான் இருந்தது. அதைப்பற்றி யாருக்குக் கவலை? அன்றிலிருந்து அவர் சார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது 2008 கடைசியில். பிராட்பேண்ட் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. 256 கேபிபிஎஸ், அன்றைக்கு அது ராக்கெட். திடீரென்று நாளைக்கு ஏழெட்டு முறை நெட் கட்டாக ஆரம்பித்தது. மோடத்தில் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும் டிஎஸ்எல் விளக்கு சட்டென்று கண் சிமிட்டும். ஒரு நிமிடம் போனதும் ஒன்றுமே நடக்காததுபோல் பழையபடி எரியும்.

சார் மோடம் பக்கம் திரும்பவே இல்லை. நேராகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?"

"பத்து நாளா சார்."

"வீட்டுல யார் யார் தொடுறீங்க?"

எல்லோரும் பையனைப் பார்த்தோம். பையன் பாட்டியைப் பார்த்தான்.

"வைரஸ்" என்றார் சார்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. திருஷ்டி என்றால் வருகிற அதே நிம்மதி. நம் மேல் தப்பில்லை, யாரோ எங்கிருந்தோ கண் வைத்திருக்கிறார்கள். சுற்றிப் போட ஆளும் வந்தாயிற்று.

வைரஸால் நெட் கெடாது என்று சொல்ல வரவில்லை. அந்த நவம்பரில் கிளம்பிய கான்ஃபிக்கர் என்ற புழு நுழைந்த கம்ப்யூட்டரில் ஊரிலுள்ள தளமெல்லாம் திறக்கும். ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளமும் மைக்ரோசாஃப்டின் தளமும் மட்டும் திறக்காது. மருந்துக்கடைக்குப் போகிற வழியை மட்டும் அடைத்துவிடுகிற வியாதி. அந்தத் தளங்களைத் திறந்து பார்த்திருந்தாலே ஓரளவு தெரிந்திருக்கும். அதைவிட எளிய வழி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மோடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பது. அப்போதும் டிஎஸ்எல் விளக்கு சிமிட்டினால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. மோடத்திலோ கம்பியிலோ இருக்கிறது. இதெல்லாம் இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் காபி போடப் போயிருந்தேன்.

சிகிச்சை ரிஃப்ரெஷில் தொடங்கும். மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ், ரிஃப்ரெஷ் என்று பதினைந்து தடவை. திரையிலிருக்கும் படங்களை மறுபடி வரையச் சொல்வதுதான் அது, வேறொன்றுமில்லை. சார் அதை வேப்பிலை அடிப்பதுபோலச் செய்வார். அடுத்து சிபியூவைப் படுக்கவைத்து, பிரஷ்ஷால் தூசி தட்டி, ராமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை நடராஜ் ரப்பரால் தேய்ப்பார். திரையில் ஒன்றுமே வராத கம்ப்யூட்டரில் இப்படித் தேய்த்துப் படம் வந்ததுண்டு, கையை மறுக்கக்கூடாது. நெட் கட்டாவதற்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

பிறகு ஓர் ஆன்டிவைரஸ் போட்டார்.

"ஏற்கெனவே ஒண்ணு இருக்கே சார்?"

"ரெண்டு வாட்ச்மேன் இருந்தா நல்லதுதானே?"

இரண்டு வாட்ச்மேன்களும் திருடனை விட்டுவிட்டு ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மவுஸை நகர்த்தினால் அம்பு அரை நிமிடம் யோசித்துவிட்டுத்தான் புறப்பட்டது. சார் எழுந்து என்னை வாசல் பக்கம் அழைத்துப் போனார். ஐசியூவுக்கு வெளியே டாக்டர் பேசுகிற குரலில், "ஃபார்மட் பண்ணிடலாமா?" என்றார். "முக்கியமானதெல்லாம் டி டிரைவ்லதானே இருக்கு?"

"ஆமா சார்" என்றேன். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் சி டிரைவில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? குலதெய்வம் கோயிலில் பையனுக்கு மொட்டை போட்ட படங்கள் முழுக்க டெஸ்க்டாப்பில் இருந்தன. அவனுக்கு முடியிறக்கியதற்கு அந்தக் குலதெய்வத்தைத் தவிர இன்று வேறு சாட்சி இல்லை.

எக்ஸ்பி போட்டவர்களுக்கு அந்த நீலத் திரை நினைவிருக்கும். இன்னும் 39 நிமிடம் என்று காட்டும். காட்டிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் சார் பேசுவார். மகளுக்கு வரன் தகையாதது, அலுவலகத்தில் இவருக்குப் பின்னால் சேர்ந்த பையன் மேலே போனது, எல்லாம் அந்த 39 நிமிடத்தில்தான் வரும். நாங்களும் நாற்காலி போட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். எழுந்து போகவும் முடியாது. திரை மறுபடி என்னவாவது கேட்டால் யார் பதில் சொல்வது? கிளம்பும்போது, "ஒரு சின்ன டவுன்லோடு சார், ராத்திரி ஓடட்டும்" என்று எதையாவது போட்டுவிட்டுப் போவார். எக்ஸ்பியின் மூன்றாம் சர்வீஸ் பேக் 300 எம்பிக்கு மேல். எங்கள் ராக்கெட்டில் அது மூன்று மணி நேரப் பயணம். மறுநாள் காலை பென் டிரைவோடு வந்து எடுத்துக்கொள்வார்.

மறுநாள் பதினோரு மணிக்கு நெட் கட்டானது.

காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மா. "பெங்களூர்லேர்ந்து உன் தங்கச்சி போன் போடுறப்பல்லாம் இது செத்துப்போவுதுடா" என்றாள். பத்து நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அது தங்கை மேலுள்ள புகார் என்று நினைத்துவிட்டோம். படுக்கையறையில் நாங்களாகவே வயர் இழுத்து இன்னொரு போன் வைத்திருந்தோம். அதற்கு ஃபில்டர் இல்லை. ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும் நெட் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் ஓடுகின்றன. நடுவே ஒரு தடுப்பு இல்லாவிட்டால் மணியடித்தாலோ ரிசீவரை எடுத்தாலோ மோடத்துக்குப் பிடி நழுவிவிடும். லைன்மேன் தீப்பெட்டி அளவில் ஒன்றை மாட்டிவிட்டுப் போனார். இரண்டு நிமிடம். காபிகூடக் குடிக்கவில்லை.

சாரிடம் மென்மையாகச் சொன்னேன். ஃபில்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் சொன்னேன்ல? போன் வழியா வந்திருக்கு" என்றார்.

வைரஸ் நிஜமாகவே வந்தது அதற்கடுத்த வாரம். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்று. பார்க்க ஃபோல்டர், உண்மையில் புரோகிராம்; திறந்தால் போச்சு. டாஸ்க் மேனேஜரைக் கூப்பிட்டால், உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் இதை முடக்கிவிட்டார் என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. எங்கள் வீட்டு அட்மினிஸ்ட்ரேட்டரைச் சமையலறையில் போய்க் கேட்டேன். "நான் எதையும் தொடல" என்றாள்.

அந்த மாதம் தெருவில் பன்னிரண்டு வீட்டிலும் நியூ ஃபோல்டர். சார் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு வீடு வீடாகப் போனார். "ஊரெல்லாம் பரவுது சார், எங்கேர்ந்து வருதுன்னே தெரியல" என்று எங்கள் வாசலில் நின்று வேதனைப்பட்டார். பேசப் பேச அவர் கழுத்தில் பென் டிரைவ் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது. அந்த நாளில் பென் டிரைவைச் செருகினாலே ஆட்டோரன் வழியாக உள்ளே இருப்பது இறங்கிவிடும். எனக்குப் புரிந்தது. கோடி வீட்டு வாத்தியாருக்கும் புரிந்திருந்தது என்று பிறகு தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. மூன்று நாளாகத் தூங்காத மனிதரிடம் எதைச் சொல்வது? இன்னொரு காபி கொடுத்தோம்.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதி எக்ஸ்பிக்கு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. பேப்பரில் படித்ததும் சார் நினைவுதான் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை, துக்கம் விசாரிக்கப் போவதுபோல், அவர் வீட்டுக்குப் போனேன். அத்தனை வருடத்தில் அவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் அங்கே போனது அன்றுதான்.

ஹாலில் ஜன்னலோரம் கம்ப்யூட்டர். பூப்போட்ட துணி உறை. மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். சார் உறையை விலக்கி ஆன் செய்தார். முணுக்கென்று வந்து நின்றது. எங்கள் வீட்டு மெஷின் பிறந்த நாளில்கூட அப்படி ஓடியதில்லை.

"பிரமாதமா ஓடுதே சார்! ஆன்டிவைரஸ் எது போட்டிருக்கீங்க?"

"எதுவும் போடல."

"அப்புறம் எப்படி?"

"நெட்டே குடுக்கலியே சார். குடுத்தா வைரஸ் வந்துரும்ல?"

உறையைத் திரும்பப் போர்த்தி நுனிகளை இழுத்துச் சரி செய்தார். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு, "இப்போ உங்க வீட்டுல லைன் நல்லாயிருக்கா?" என்றார். "ஒரு சின்ன டவுன்லோடு..."