குடையும் மழையும்: ஒரு நான்கு கட்ட ஆராய்ச்சி

சுருக்கம்: ‘குடையை எடுத்துப் போனால் மழை வராது, வைத்துவிட்டுப் போனால் கொட்டும்’ என்ற கோட்பாட்டை இக்கட்டுரை புள்ளியியல் நோக்கில் ஆராய்கிறது. இக்கோட்பாட்டுக்கு ஆசிரியர் இல்லை. ஆனால், பஸ் நிறுத்தம்தோறும் சொட்டச் சொட்ட நிற்கும் சாட்சிகள் உண்டு.

1. வரையறைகள்

குடை என்பது விரித்தால் காற்றில் மடங்குவது, மடித்தால் மறந்துபோவது. மழை என்பது முன்சொன்னது கையில் இல்லாதபோது பெய்வது. இரண்டாம் வரையறையிலேயே முடிவு ஒளிந்திருக்கிறதே என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம். அவர் இதுவரை நனையாதவர்.

2. சராசரியின் சாதுத் தோற்றம்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. 365 நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 4 மி.மீ.கூடத் தேறாது. இதற்குக் குடை எதற்கு, கைக்குட்டை போதுமே என்று சராசரி நம்மை வழியனுப்பி வைக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு இந்தப் பங்கீட்டில் நம்பிக்கை இல்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதியை அது அக்டோபர் முதல் டிசம்பருக்குள் தீர்த்துவிடும். 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 490 மி.மீ. பெய்தது.

ஆகவே சிதறலையும் பார்க்க வேண்டும். இரண்டு ஊர்களைக் கற்பனை செய்வோம். முதல் ஊரில் ஐந்து நாளும் தினம் 10 மி.மீ. மழை. இரண்டாவதில் நான்கு நாள் வெயில், ஐந்தாம் நாள் 50 மி.மீ. இரண்டுக்கும் சராசரி 10தான். மிக அதிக மழைக்கும் மிகக் குறைந்த மழைக்கும் உள்ள வித்தியாசமான வீச்சோ முதல் ஊருக்கு 0, அடுத்ததற்கு 50. நாள்மழை சராசரியைவிட்டு எவ்வளவு விலகுகிறது என்று காட்டும், புள்ளியியலாளர் கார்ல் பியர்சன் 1890களில் பெயர் சூட்டிய திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் முறையே 0, 20. முதல் ஊர்க்காரர் குடையை மறக்கவே மாட்டார். இரண்டாம் ஊர்க்காரர் நான்கு நாள் அதை வீணாகச் சுமந்து, ஐந்தாம் நாள் சலித்துப்போய் வீட்டில் வைத்துவிட்டு வருவார். கோட்பாடு பிறந்த ஊர் இதுவே.

3. நான்கு கட்டங்கள்

இனி கோட்பாட்டையே சோதிப்போம். அதற்கு உதவுவது, இரண்டு பண்புகளைக் குறுக்கும் நெடுக்குமாக எண்ணும் இருவழி அட்டவணை. அதை முறையாக ஆராய்ந்தவர்களில் பியர்சனும் ஒருவர் (1904). நாமும் நூறு நாள் கொண்ட ஓர் அட்டவணையைப் புனைந்துகொள்வோம்:

| | மழை | மழை இல்லை | மொத்தம் |
|---|---|---|---|
| குடை உண்டு | 8 | 32 | 40 |
| குடை இல்லை | 12 | 48 | 60 |
| மொத்தம் | 20 | 80 | 100 |

‘பார்த்தீர்களா! குடை இருந்தபோது 8, இல்லாதபோது 12!’ என்று கோட்பாட்டாளர் துள்ளுவார். அவசரம் கூடாது. எண்ணிக்கையை அதனதன் வரிசை மொத்தத்தால் வகுக்க வேண்டும். 40இல் 8 என்பது 20 சதவீதம். 60இல் 12 என்பதும் 20 சதவீதம். குடை வீட்டில் இருந்ததா கையில் இருந்ததா என்று மேகம் விசாரிக்கவே இல்லை. குடை எடுக்காத நாள்கள் அதிகம், நனைந்த நாள்களும் அதிகம். அவ்வளவே.

பின்பு கோட்பாடு எப்படித்தான் பிழைத்திருக்கிறது? நான்கு கட்டங்களில் நினைவு பத்திரப்படுத்துவது ‘குடை இல்லை, மழை உண்டு’ என்ற ஒன்றை மட்டுமே. குடையும் இல்லாமல் மழையும் இல்லாமல் வீடு திரும்பிய 48 நாள்களைப் பற்றி எந்த வீட்டிலும் யாரும் பேசுவதில்லை. ‘இன்று நனையவில்லை’ என்று சொல்லித் தலை துவட்டிக்கொள்ள முடியாதல்லவா?

4. எதிர்த்தரப்பு

மெய்யான தரவைத் திரட்டினால் கோட்பாடு தலைகீழாகவும் வாய்ப்புண்டு. வானம் கறுத்தால்தான் பலரும் குடையைத் தேடுகிறோம். எனவே குடை எடுத்த நாள்களிலேயே மழை அதிகம் பதிவாகலாம். அதைக் கண்டு, குடை மழையை வரவழைக்கிறது என்று கோடையில் ஊரே குடையோடு ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடக் கூடாது. குடை, மழை இரண்டையும் ஆட்டுவிப்பது மேகம். அதற்கு அட்டவணையில் இடமே ஒதுக்கவில்லை.

5. பரிந்துரை

ஐயம் உள்ளவர்கள் குடையோடு ஒரு குறிப்பேட்டையும் எடுத்துச் சென்று, நான்கு கட்டங்களையும் நாள்தோறும் நிரப்பி வரலாம். இரண்டில் ஒன்றைத்தான் தூக்க முடியும் என்றால் குடையையே எடுக்கவும். நனைந்த குறிப்பேட்டில் எந்தப் புள்ளிவிவரமும் தேறாது.