தொடர்பு எல்லைக்கு வெளியே

தகவல் தொடர்பியலில் பிஎச்.டி.க்குப் பதிந்து 5 வருடம். நெறியாளரோடுதான் தொடர்பு கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் விழாது. ஊடகவியலின் பிதாமகர் மார்ஷல் மக்லூகன் 1943இல் கேம்பிரிட்ஜில் முனைவரானது, தாமஸ் நாஷ் என்ற 16ஆம் நூற்றாண்டு எழுத்தாளரை ஆராய்ந்துதான். செத்தவர் கதையை மாற்றமாட்டார். விவரமான ஆள்!

நான் மெகா சீரியல் மாமியாரை எடுத்தேன். யுஜிசியின் 2022 விதிப்படி 3 முதல் 6 வருடம் அவகாசம். அதற்குள் மாமியார் திருந்திவிட்டார். மூன்றாம் இயலை அடியோடு மாற்ற வேண்டும்.

ஊரில் அத்தை கேட்டாள்: "டாக்டருக்குத்தானேடா படிக்கிறே? இந்த முட்டிவலிக்கு என்ன போடலாம்?"

தைலம் என்றேன். உடனே தேய்த்துக்கொண்டாள். ஐந்து வருடத்தில் நான் சொன்னதை யாராவது கேட்டது அன்றைக்குத்தான்.