பிந்தினால் புள்ளி இல்லை

மாங்குளத்தில் தரம் 7 படிக்கிற பிள்ளைக்குக் கட்டளை இரவு எட்டரைக்கு வரும். அம்மாவின் கைபேசியில், வகுப்பு வட்சப் குழுவில். 'எனது கிராமம்' கட்டுரை ஒப்படை, ஏ4 தாளில், கலர்ப் படங்களுடன், நாளை காலை 7.30க்கு முன். பிந்தினால் புள்ளி இல்லை. கீழே கைகூப்பும் படம் இரண்டு.

அந்த நேரத்தில் கலர் பிரின்ட் என்றால் ஏ9 வீதியோரத்தில் இன்னும் பூட்டாத கொமினிகேஷனுக்குத்தான் ஓடவேண்டும். அங்கே போய் நின்று பாருங்கள். தாய்மார் வரிசையில் நிற்கிறார்கள். கடைத் தம்பியின் கணினியில் 'எனது கிராமம்' ஏற்கனவே தயாராகக் கிடக்கிறது. எந்தக் காலத்திலோ யாரோ ஒரு கரையோரத்துப் பிள்ளைக்கு அடித்துக் கொடுத்தது. ஊர்ப் பெயரை மட்டும் அழித்து, புதுப் பெயரைப் போட்டு, தட்டுகிறான். எங்கள் மாங்குளத்தின் கிழக்கே நீலக்கடல் அலைவீசுகிறது, மீனவர் அதிகாலையில் வள்ளம் தள்ளுகிறார்கள் என்று தாள் சுடச்சுட வெளியே வருகிறது. மாங்குளத்தான் கடலைப் பார்க்க முல்லைத்தீவு வீதியால் நாற்பது கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். அதனால் என்ன? கலரில் நல்ல நீலமாய் விழுந்திருக்கிறது. இருபதுக்குப் பதினெட்டு.

அதே வகுப்பில் இன்னொரு பிள்ளை ஒற்றை றூள் கொப்பியில் கையால் எழுதிக்கொண்டு வந்தது. குளத்துக் கலிங்கு பாய்ந்த மாரி, வாழைக்குள் யானை இறங்கிய இரவு, யானைவெடி நமுத்துப்போய் வெடிக்காததால் அப்பா தகரத்தில் அடித்துக்கொண்டே விடியும்வரை நின்றது. ழகர ளகரம் இடம்மாறிக் கிடந்தாலும், வாசித்தால் தகரச் சத்தம் காதில் கேட்கும். பிள்ளை வந்து சேர எட்டு மணி தாண்டிவிட்டது.

"ஏன் பிந்தினது?"

"யானை ரோட்டில நிண்டது, சேர்."

"ஒவ்வொருநாளும் ஒவ்வொரு சாட்டு."

பூச்சியம். யானைக்கு நேரசூசி அனுப்பப்படவில்லை என்பது பிள்ளையின் குற்றமாகப் பதியப்பட்டது. பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மற்றப் பள்ளிக்கூடங்கள் தங்களை விட்டுவிட்டேன் என்று கோவிக்கும்.

சேரைத் திட்டிவிட்டுப் போகலாம் என்றால் அதுவும் சரிவராது. கருக்கலில் பஸ் ஏறி வருகிற மனிதர். இடமாற்றக் கடிதத்துக்கு அவரும் வருடக்கணக்கில் காத்திருக்கிறார். ஆசிரிய ஆலோசகர் வந்தால் கோவை நிறைந்திருக்க வேண்டும். ஆலோசகரின் கோவையை வலயம் பார்க்கும், வலயத்தின் கோவையை மாகாணம் பார்க்கும். 1997 கல்விச் சீர்திருத்தத்தின் பின்னால் வந்த பாடசாலை மட்டக் கணிப்பீட்டின் நோக்கம், ஒரே பரீட்சையால் அளந்து தள்ளாமல் பிள்ளையை ஆண்டு முழுக்கக் கவனிப்பது. நல்ல நோக்கம். இப்போது ஆண்டு முழுக்கக் கவனிக்கப்படுவது கோவைதான். தாள் இருக்கிறதா, திகதி இருக்கிறதா, சிவப்பு மையில் ஒரு கையொப்பம் இருக்கிறதா. எழுதியது பிள்ளையா கடையா என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை கட்டுரைப் பாடவேளையில் 'பொது அறிவுச் சவால்'. எழுத வைத்தால் திருத்தவேண்டி வரும், கேள்வி கேட்டால் மணி அடித்ததும் முடிந்துவிடும். இலங்கையின் மிக உயரமான நீர்வீழ்ச்சி? பம்பரகந்த, 263 மீற்றர். மிக உயரமான மலை? பிதுருதலாகல, 2524 மீற்றர். மிக நீளமான நதி? மகாவலி. மேடு என்றால் குளக்கட்டைத்தான் அறிந்த வன்னிப் பிள்ளைகள் மலையை மீற்றர் பிசகாமல் ஒப்புவிக்கின்றன. தெரிந்திருக்கட்டும், நட்டமில்லை. ஆனால் 1990இல் நின்றுபோன ரயில் மாங்குளம் நிலையத்துக்குத் திரும்பி வந்தது எந்த ஆண்டு என்று அந்தப் பிள்ளைகளிடம் யாராவது கேட்டிருக்கிறார்களா? 2013 செப்டம்பர். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் என்ன செய்யவேண்டும்? நின்ற இடத்தில் நின்று, வந்த காலடியிலேயே திரும்ப வேண்டும். இது பொது அறிவில் சேராது. பொது என்றால் கொழும்பிலும் கண்டியிலும் தேவைப்படுகிற அறிவு போலும்.

சரி, தவணை என்றால் தவணைதான். ஒழுங்கு நல்லது. பன்னிரண்டு வயதுக்குப் பொருந்துகிற ஒழுங்கை மேலே இருக்கிறவர்களுக்கும் போட்டுப் பார்ப்போமே.

மாகாணப் பாடசாலைகளுக்குப் பொறுப்பு மாகாண சபை. வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21. அந்த ஆண்டு பிறந்த பிள்ளைதான் ஒப்படை பிந்தி வாங்கிக் கட்டிக்கொள்கிறது. சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிள்ளை பாலர் வகுப்பு கடந்து, புலமைப்பரிசில் எழுதி, தரம் 7க்கும் வந்துவிட்டது. அடுத்த தேர்தல் எங்கே என்று கேட்டால் எல்லை நிர்ணயம் என்றார்கள், சட்டச் சிக்கல் என்றார்கள், காசில்லை என்றார்கள். ஒவ்வொருநாளும் ஒவ்வொரு சாட்டு என்று இவர்களிடம் சொல்ல ஒரு சேர் இல்லை.

2015 ஒக்டோபரில், ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கும் நீதிக்கும் வழி செய்கிறோம் என்று அரசே இணை அனுசரணை கொடுத்து ஒத்துக்கொண்டது. ஒப்படை முடியவில்லை. 2017 மார்ச்சில் இரண்டு வருடத் தவணை. அப்போதும் முடியவில்லை. 2019 மார்ச்சில் இன்னும் இரண்டு வருடம். 2020 பெப்ரவரியில், இது என் கொப்பியே இல்லை என்று அரசு எழுந்து வெளியே போய்விட்டது. இதற்கிடையில் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் வீதியோரம் குந்தினார்கள், பிறகு வவுனியாவில், முல்லைத்தீவில். படத்தை மடியில் வைத்தபடியே அவர்களில் பலர் செத்தும் போனார்கள். செத்தவர்களுக்கு யார் தவணை நீடிப்பது? இந்தக் கேள்வியை எந்த வெள்ளிக்கிழமையில் வைக்கலாம்?

கண்ணிவெடியை 2020க்குள் முடிப்போம் என்று ஒரு திகதி இருந்தது. ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்த பிறகு அது 2028 ஜூன் ஆயிற்று. வெயிலில் முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாகக் கிளறுகிற பெண்களில் குறை இல்லை. அவர்கள் அவசரப்பட்டால் கால் போகும். அவர்களுடைய தாமதம் ஒன்றுதான் இந்த நாட்டில் மரியாதைக்குரிய தாமதம். காணி விடுகிறோம், வீதி போடுகிறோம், கணித ஆசிரியர் அனுப்புகிறோம் என்ற மற்றவைக்கெல்லாம் கால் போனது கேட்டுக்கொண்டு அலைந்தவர்களுக்கு.

பரிசளிப்பு விழாவையும் சொல்லவேண்டும். ஒன்பது மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஏழரைக்கே பிள்ளைகளை வீதியின் இருபக்கமும் நிறுத்தினார்கள். பாண்ட் வாத்தியக்காரப் பிள்ளைகளுக்குத் தொப்பிக்குள்ளால் வேர்வை வழிந்தது. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது, தண்ணீர் தெளித்து நிழலில் கிடத்தினார்கள். பிரதம விருந்தினரின் வாகனம் பதினொன்றே காலுக்கு வந்தது. மாலை போட்டு, விளக்கேற்றி, அவர் நேரமுகாமைத்துவம் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். ஒரு நாளும் பிந்தாத பிள்ளைக்கு அவர் கையாலேயே கேடயம்.

நன்றியுரையில், தமது பொன்னான நேரத்தை ஒதுக்கி வந்தமைக்காக அவருக்கு மூன்று தடவை நன்றி சொன்னார்கள். ஏழரையிலிருந்து வெயிலில் நின்ற பிள்ளைகளின் நேரம் என்ன உலோகம் என்று யாரும் சொல்லவில்லை. தகரமாக இருக்கும். மீளக்குடியேறி வந்தபோது கூரைக்கென்று எங்களுக்குத் தந்ததும் அதுதானே.