மேலாண்மைத் திட்டத்திற்கு ஒரு பாராட்டு மடல்

பெறுநர்: மாநில அளவிலான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், தமிழ்நாடு.

பொருள்: சாதாரண கற்கள் மற்றும் கிராவல் குவாரிகளின் சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டங்களைப் பாராட்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆணையத்தார்க்கு,

கிராவல் எனப்படும் சரளை மண் பாறைக்கு மேல் படிந்த அடுக்கு என்பதால் முதலில் அது வழித்தெடுக்கப்பட்டுச் சாலைக்கும் மனையை மேடாக்கவும் போகிறது. அடியிலுள்ள கல் வெடிவைத்துப் பெயர்க்கப்பட்டுக் கிரஷருக்குப் போகிறது. பள்ளம் மட்டும் எங்கும் போகாமல் ஊரோடு தங்கிவிடுகிறது. இப்பள்ளத்தால் விளையும் கேடுகளையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணமே சுற்றுச்சூழல் மேலாண்மைத் திட்டமாகும். அதைப் படித்தவர் எவரும் குவாரியோரம் வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிக்கத் தொடங்கிவிடுவர். ஏனெனில் அதில் வேம்பும் புங்கமும் பசுமை வளையமாகச் சூழ்ந்து நிற்கின்றன, தண்ணீர் லாரி நாள் தவறாமல் பாதையை நனைக்கிறது, ஒவ்வொரு டிப்பரும் தார்ப்பாய் போர்த்திக்கொண்டே வெளிவருகிறது.

விதிகளின் நுட்பமும் போற்றத்தக்கது. 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக் குத்தகை தருவதைத் தடுக்கின்றன. ஆயினும் வருவாய் ஆவணங்களில் நத்தமாகவோ வீட்டுமனையாகவோ பதிவானதும், ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுமே குடியிருப்பு என அவ்விதிகள் விளக்குவதால், சொந்தப் பட்டா நிலத்தில் கிணற்றடியில் வீடு கட்டித் தலைமுறைகளாக வாழும் குடும்பம் சட்டத்தின் கண்ணுக்கு அங்கே வசிக்கவேயில்லை. வெடி வைக்கும்போது அவ்வீட்டு அலமாரியில் எவர்சில்வர் தூக்குகள் ஒன்றோடொன்று மோதி ஒலிப்பதும், வாசல் நிலைக்கு மேல் சுண்ணாம்பு பூசி மறைத்த விரிசல் மீண்டும் வாய் பிளப்பதும் வசிக்காதோர் வீட்டில் நிகழ்வன ஆதலின் கணக்கில் ஏறுவதில்லை.

சிறு கனிமக் குத்தகை 5 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2012இல் தீபக் குமார் வழக்கில் ஆணையிட்டது. அதன்பின் வந்த நடைமுறைப்படி, இரு குவாரிகளின் எல்லைகளுக்கிடையே 500 மீட்டருக்குக் குறைவான இடைவெளி இருந்தால் அவை ஒரே தொகுப்பாகும். தொகுப்பின் பரப்பு 5 ஹெக்டேரைத் தாண்டினால் மக்கள் கருத்துக்கேட்பும் உண்டு. ஆகவே 510ஆவது மீட்டரில் இயங்கும் குவாரியின் தூசி, சட்டத்திற்குக் கட்டுப்பட்டு, பக்கத்துக் குவாரியின் தூசியோடு கலக்காமல் விலகி நிற்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. கல் தூசியின் சிலிக்கா நுண்துகள் நுரையீரலில் தங்கித் தழும்பேற்றும் சிலிகோசிஸ் நோய்க்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை என்பதை மட்டும் அத்தூசிக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை போலும்.

குத்தகை முடிந்தபின் பள்ளம் மழைநீர்த் தேக்கமாகும் என்று குவாரி மூடல் திட்டம் உறுதி கூறுகிறது. இது முழுப் புளுகன்று: சென்னைக்கு அருகே சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிகளின் நீர் 2017ஆம் ஆண்டு வறட்சியில் சுத்திகரிக்கப்பட்டு மாநகருக்கு அனுப்பப்பட்டது. ஆயினும் நிலத்தடி நீர்மட்டத்திற்கும் கீழே தோண்டி, ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே கல் எடுக்கும் இடங்களில், அத்தேக்கத்தின் முதல் நீர் சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீரே. படித்துறையோ வேலியோ இல்லாத அச்செங்குத்துப் பள்ளங்களில் விடுமுறை நாளில் குளிக்க இறங்கும் சிறுவர்களுக்கு ஆழம் தெரிவதில்லை. இதில் பகடி செய்ய ஏதுமில்லை.

அனுமதி நிபந்தனைகள் நிறைவேறியமை குறித்த அரையாண்டு அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் உரிமதாரர் அளிக்க வேண்டும். அவ்வறிக்கையைத் தமிழில் பெற்று, ஆகஸ்ட் 15, ஜனவரி 26 கிராம சபைகளில் வாசிக்கச் செய்து, அதில் எழுதியுள்ள வேம்பும் வேலியும் எங்கே உள்ளன என்பதை ஊரார் முன்னிலையில் அளந்து காட்டுமாறும், அதுவரை அந்தந்தக் குவாரியின் சுற்றுச்சூழல் அனுமதியை நீட்டிக்க வேண்டாமென்றும் ஆணையம் வேண்டிக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
குவாரியின் அண்டை வீட்டார்