நிறம் மாறும் லிங்க்குகள்

1996-இல் மலேசிய அரசாங்கம் மல்டிமீடியா சூப்பர் காரிடாரைத் தொடங்கியது. நீளம் 50 கிலோமீட்டர், அகலம் 15. தாழ்வாரத்துக்கு 15 கிலோமீட்டர் அகலம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சைபர்ஜெயா நகரம் முளைத்திருக்காது. அதே ஆண்டு ஆகஸ்டில் நெட்ஸ்கேப் 3 உலாவி வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் வெப்சைட்காரர்களின் தூக்கம் கெட்டது காரிடாரால் அல்ல, இதனால்தான்.

வாடிக்கையாளர் கேட்டதென்னவோ சின்ன விஷயம்: மௌஸ் மேலே வந்தால் லிங்க் நிறம் மாற வேண்டும். நெட்ஸ்கேப் 3 காட்டிய வழி, லிங்க்கையே படமாக்குவது. சிவப்பில் ஒரு படம், மஞ்சளில் ஒரு படம். மௌஸ் ஏறியதும் ஜாவாஸ்கிரிப்ட் சிவப்பைத் தூக்கிவிட்டு மஞ்சளை வைக்கும். தமிழ்ப் பக்கங்களுக்கு இது வாட்டமாகவும் அமைந்தது. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீட்டுமுறை என்றிருந்த காலத்தில் எழுத்தைவிடப் படத்தை நம்பலாம். என்ன, அந்த மஞ்சள் படம் ஜாரிங் இணைய லைனில் இறங்கி வருவதற்குள் பார்வையாளர் மாமாக் கடைக்குப் போய்த் தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பியிருப்பார்.

1998 மே மாதம், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியின் 2-ஆம் பதிப்பு வந்து, ஹோவர் என்று ஒரே வரியில் பிரச்சினையை முடித்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 அதை முந்தைய ஆண்டே கற்றுக்கொண்டிருந்தது. நெட்ஸ்கேப் 4 கடைசிவரை காதில் வாங்கவில்லை. ஒரு சம்பிரதாயம் மட்டும் உண்டு: லிங்க், விசிட்டட், ஹோவர், ஆக்டிவ் என்ற வரிசையில் எழுத வேண்டும். ஹோவரை விசிட்டட்டுக்கு முன்னால் எழுதினால், ஏற்கெனவே போய்வந்த லிங்க் மௌஸைக் கண்டும் அசையாது. அந்தச் சபையில் கடைசியாகப் பேசியவன் பேச்சுதான் எடுபடும்.

2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதே மாதம் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 பிறந்தது. ஜாதகப் பொருத்தம் பார்க்க நேரமில்லை. இந்த எக்ஸ்புளோரருக்கு, மௌஸ் லிங்க்மேல் வந்தால்தான் ஹோவர் தெரியும். வேறு எதன்மேல் மௌஸ் ஓடினாலும் சொரணை கிடையாது. எப்படியோ லிங்க் பிழைத்துக்கொண்டது. சில வருடம் நிம்மதி.

நிம்மதி ஃபேஸ்புக்குக்குப் பொறுக்குமா? 2013-இல் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை வெளியிட்டது. ஸ்டைலைக் காம்போனன்ட் எனும் பக்கத் துண்டுக்கு உள்ளேயே எழுதலாம் என்றார்கள். எழுதினோம். ஆனால் இன்லைன் ஸ்டைலில் ஹோவருக்கு இடமில்லை. ஆகவே மௌஸ் நுழைந்தால் ஒரு கட்டளை, வெளியேறினால் ஒரு கட்டளை, தன் தலைமேல் யாராவது நிற்கிறார்களா என்று ஒவ்வொரு லிங்க்கும் நினைவு வைத்துக்கொள்ள ஒரு ஸ்டேட். 17 வருடம் கழித்து அதே நெட்ஸ்கேப் 3. சம்பளம் மட்டும் கூடுதல்.

2016-இல் மாக்ஸ் ஸ்டோய்பரும் க்ளென் மாடர்னும் ஸ்டைல்டு காம்போனன்ட்ஸைக் கொண்டுவந்தார்கள். காம்போனன்ட்டுக்குள்ளேயே ஹோவரை எழுதலாம். அது வாயில் நுழையாத ஒரு கிளாஸ் பெயரைச் சூட்டி, பக்கத்தின் தலையில் சாதாரண சிஎஸ்எஸ்ஸாக இறக்கிவிடும். 2010 அக்டோபரில் மன்மோகன் சிங் வந்து பிரிக்ஃபீல்ட்ஸ் லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தாரே, அந்த மாதிரி. மேலே வளைவு, வர்ணம். கீழே ஓடுவது பழைய ஜாலான் துன் சம்பந்தன்தான்.

ஸ்டைல்டு காம்போனன்ட்ஸிலும் வம்பு உண்டு. நாம் ஸ்டைல் பூசும் லிங்க் காம்போனன்ட், கிளாஸ் பெயரை வாங்கி உள்ளே இருக்கும் நிஜ லிங்க்கிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் பூசிய வர்ணம் நடுவழியில் காணாமல் போகும். ரியாக்ட்மேல் கட்டிய நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸில், 13-க்கு முந்தைய பதிப்புகளில் இன்னொரு கூத்து: அதன் லிங்க் காம்போனன்ட்டுக்குள் ஸ்டைல்டு லிங்க்கை வைத்துவிட்டு, முகவரியைக் கடத்தச் சொல்லும் ஒரு சொல்லை மறந்தால், மௌஸுக்கு நிறம் மாறும்; ஆனால் முகவரியில்லாத லிங்க். டேப் விசையால் வருபவருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது.

2017-இல் டெயில்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கட்டமைப்பு வந்து, கிளாஸ் பெயருக்கு முன்னால் ஹோவரை ஒட்டச் சொன்னது. 1998-இன் ஒரே வரி இப்போது ஒரே சொல்லானது. இதற்குள் ஜனங்கள் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். ஹோவர் என்றால் மிதப்பது. விரல் மிதக்காது, தொடும். தொட்டதும் மாறிய நிறம், வேறெங்காவது தொடும்வரை ஒட்டிக்கொண்டு போகாது. டெயில்விண்ட் இதை உணர்ந்து, மிதக்கத் தெரிந்த கருவிகளில் மட்டும் ஹோவர் என்பதை 2025 ஜனவரியில் நான்காம் பதிப்பில்தான் இயல்பு வழக்கமாக்கியது.

ஆக, கிள்ளானில் உட்கார்ந்து கைப்பேசியில் புடவை பார்ப்பவர் ஹோவரைப் பார்ப்பதே இல்லை. பார்ப்பவர் ஒருவர்தான்: பணம் கொடுக்கும் கடை முதலாளி. கல்லாவுக்குப் பக்கத்துக் கணினியில் மௌஸை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் பளிச்சுனு வரணும் லா” என்கிறார்.