பாம்பாட்டியான ரோபோ

லெகோ நிறுவனம் 2006-இல் வெளியிட்ட மைன்ட்ஸ்டார்ம்ஸ் என்.எக்ஸ்.டி., வீட்டிலேயே ரோபோ செய்து பார்ப்பதற்கான பெட்டி. அப்போது அமெரிக்காவில் அதன் விலை சுமார் 250 டாலராக இருந்தது. மூன்று மோட்டார், தொடுகையும் ஓசையும் ஒளியும் தூரமும் அறியும் உணரிகள், எல்லாவற்றையும் ஆட்டிவைக்க 48 மெகாஹெர்ட்ஸ் செயலி என்று குறைவில்லாத சீர்வரிசை. நடக்கவும் பொருள் தூக்கவும் பிறந்த இந்த ஜீவனை மேசைமேல் உட்காரவைத்து, அதன் சின்னத் திரையில் பாம்பு விளையாடியே தீருவது என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதே பாம்பை 1997 முதலே நோக்கியா போன்கள் இலவசமாகத் தந்துகொண்டிருந்தன.

திரை கருப்பு வெள்ளை. அகலம் 100 புள்ளி, உயரம் 64. முழுப் படமும் 800 பைட்டில் அடங்கிவிடும். நான்கு புள்ளிக்கு ஒரு கட்டம் என்று பிரித்தால் 25-க்கு 16, ஆக 400 கட்டம். பாம்புக்கு இந்த மைதானம் தாராளம். ஆனால் பெட்டியுடன் வந்த வரைகலை நிரல்மொழியில் அணி (array) என்ற வசதியே இல்லை. உடம்பின் கட்டங்களை வரிசையாக நினைவில் வைக்க வழியில்லாமல் பாம்பு எப்படி வளரும்? அதனால் பலர் ஜான் ஹேன்சன் உருவாக்கிய, சி மொழியை ஒத்த என்.எக்ஸ்.சி. பக்கம் போனார்கள். அங்கே தெரியவரும் ரகசியம், பாம்பு நகர்வதே இல்லை என்பது. முன்னால் ஒரு கட்டம் கருப்பாகும், வாலில் ஒரு கட்டம் அழியும். நடுவுடம்பு அரசு அலுவலகக் கோப்புபோல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

திருப்புவதற்கு இடம், வலம் என இரண்டே பொத்தான். பாம்பு கீழ்நோக்கி வரும்போது வலப்பொத்தானை அழுத்தினால் அது ஆடுபவரின் இடப்பக்கம் போகும். அதன் வலம் அதுதானே! இந்தப் பொத்தான்களுக்குக் கீழே இன்னொரு சாம்பல் நிறப் பொத்தான். பதற்றத்தில் விரல் அதன்மேல் பட்டால் நிரலே முடிந்துவிடும், ஸ்கோரும் சேர்த்து. திரையின் பூஜ்யம் இடது கீழ்மூலையில் தொடங்குகிறது. மேலிருந்து எண்ணிப் பழகியவர் எழுதும் முதல் நிரலில் விழவேண்டியதெல்லாம் மேலே மிதக்கும்.

மட்டையால் பந்தைத் தட்டும் பாங் ஆட்டத்தில்தான் இந்தப் பெட்டியின் அருமை தெரியும். மோட்டாருக்குள் சுழற்சியை டிகிரிக் கணக்கில் அளக்கும் உணரி உண்டு. சக்கரத்தை மாட்டிக் கையால் திருப்பினால், அந்த எண்ணே மட்டையின் இடம். 1972-இல் அட்டாரி வெளியிட்ட மூல பாங்கிலும் திருகுக் குமிழ்தான். அதில் நிரலும் கிடையாது, செயலியும் கிடையாது; வெறும் மின்சுற்று. மனிதனுக்காகச் சுழலவேண்டிய மோட்டாரை மனிதன் சுழற்றுவது பார்க்க விசித்திரம், ஆட சுகம். மோட்டாருக்குப் பதில் மீயொலி உணரியின் முன் கையை ஆட்டியும் மட்டையை நகர்த்தலாம். எதிரொலி திரும்பி வராவிட்டால் உணரி 255 என்று சொல்லும்; மட்டை மூலைக்குப் பறக்கும், எதிராளிக்குப் புள்ளி.

விழும் கட்டைகளை அடுக்கும் டெட்ரிஸுக்கு அகலம் 10 கட்டம், உயரம் 20. பெட்டியைப் பக்கவாட்டில் பிடித்து, கட்டத்துக்கு ஐந்து புள்ளி கொடுத்தால் உயரம் சரியாக 100. மிச்சம் 14 புள்ளிப் பட்டை, ஸ்கோருக்கு. வழக்கமான எழுத்துக் கட்டளை கிடைமட்டமாகவே அச்சிடுவதால் ஸ்கோர் படுத்துக்கொள்ளும். படிக்கக் கழுத்தைச் சாய்க்கவேண்டும். திரை போதவில்லை என்று இங்கே புலம்ப முடியாது. 1984-இல் அலெக்சி பஜித்னோவ் டெட்ரிஸை எழுதிய எலெக்ட்ரானிகா 60 கணினிக்குப் படம் வரையவே தெரியாது. அடைப்புக்குறிகளைக் கட்டைகளாக அடுக்கினார்.

மைன்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையை லெகோ 2022-உடன் நிறுத்திவிட்டது. பழைய பெட்டி கையில் இருப்பவர்கள் ஆறு பேட்டரியைப் போட்டு பாங்கில் தொடங்கலாம். டெட்ரிஸைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது கழுத்துக்கு நல்லது.