டப்பா இல்லாத புதையல்

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு ஒன்று உண்டு. முன்பின் தெரியாத எவனோ ஒரு டப்பாவை மரப்பொந்திலோ பாலத்துக்கு அடியிலோ ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவான். இவன் போனைப் பிடித்துக்கொண்டு போய், டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் லாக்புக் என்கிற நோட்டில் கையெழுத்துப் போட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவான். ஜியோகேச்சிங் என்று பெயராம்.

"டப்பாக்குள்ள என்னடா இருக்கும்?" என்றாள் அக்கா.

"நோட்டும்மா."

"ஐந்நூறு ரூபா நோட்டா?"

விளக்கம் கேட்டபிறகு அக்கா அவனுக்குப் பெண் பார்க்கும் வேலையைத் துரிதப்படுத்திவிட்டாள்.

இந்த ஆட்டம் பிறந்த கதை இது: ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000 மே மாதம் 2-ஆம் தேதி நிறுத்தியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்தார். உள்ளே புத்தகம், கொஞ்சம் பணம், ஒரு டின் பீன்ஸ். ராணுவத்தின் துல்லியம் பொதுஜனத்தின் கைக்கு வந்ததும் மனிதகுலம் பீன்ஸை ஒளித்து வைத்தது!

வெளிநாடுகளில் இந்த ஆட்டத்துக்குப் பழைய கல்லறைத் தோட்டங்கள் ரொம்பப் பிடித்த இடம். பையன் லீவுக்கு எங்கள் ஊரான திருக்கழுக்குன்றம் வந்ததும் சட்ராஸுக்கு வண்டியைக் கிளப்பினான். அரசாங்கப் பலகையில் சதுரங்கப்பட்டினம்; எங்கள் வாயில் சட்ராஸ்தான். துணி வாங்கி ஏற்றுமதி செய்ய வந்த டச்சுக்காரர்கள் கடலோரம் கோட்டை கட்டினார்கள். செத்தவர்களைக் கோட்டைக்குள்ளேயே புதைத்து, பூவேலையும் குலச்சின்னமுமாகக் கல் வைத்தார்கள். இன்று கோட்டை தொல்லியல் துறை வசம். அதனால் அங்கே டப்பா வைக்க வழியில்லை.

"டப்பாவே வேணாம் மாமா. கல்லுல இருக்கற வருஷத்தைக் கூட்டிக் கழிச்சா அடுத்த இடம் வரும்" என்றான். அப்படியும் ஆடலாமாம். மண்டியிட்டு, கல்லுக்குக் கன்னத்தைக் கொடுத்து, போன் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தான். உப்புக்காற்று தின்ற எழுத்துக்குள் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. ஓர் இலக்கம் 1-ஆ, 7-ஆ என்பதில்தான் சிக்கல். 7 என்றால் அடுத்த இடம் வங்காள விரிகுடா. 1 என்றால் கல்பாக்கம் அணுமின் நிலையம். நான் கடலுக்கே ஓட்டுப் போட்டேன். அங்கே துப்பாக்கியோடு யாரும் நிற்பதில்லை.

இதற்குள் ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து குந்திவிட்டார்.

"எவ்ளோ ஆழத்துல இருக்காம்?"

"தோண்டக்கூடாதுங்க. ஆட்டத்தோட விதியே அதுதான்."

"தோண்டாம என்னா புதையலு?" அவர் குரலைத் தாழ்த்தினார். "மச்சான்கிட்ட ஜே.சி.பி. இருக்கு. பாதிப் பாதி."

கையெழுத்துப் போடத்தான் இவ்வளவும் என்று சொன்னேன். அதற்கு வி.ஏ.ஓ. ஆபீஸ் போதுமே என்றார். மறுக்க முடியவில்லை.

திரும்பும் வழியில் மருமகனிடம் சொன்னேன்: இந்த ஆட்டமெல்லாம் எங்கள் ஊருக்குப் பழசு. சங்கு தீர்த்தக் குளத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறை சங்கு பிறக்கிறது. இடம் தெரியும், காத்திருக்கத்தான் வேண்டும். மலைமேல் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் தப்பாமல் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். காசியிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் இறங்குவதாக ஐதீகம். எந்த சாட்டிலைட்டும் வழி சொல்லவில்லை. பல வருஷமாக அவை வருவதில்லை என்பது வேறு விஷயம்.

நம்ப மறுத்தவனை மலைக்கு அழைத்துப் போனேன். ஒரே பாறையைக் குடைந்த ஒருகல் மண்டபத்தில், 17-ஆம் நூற்றாண்டில் மலையேறி வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"மாமா! இது லாக்புக்!" என்று குதித்தவன், சட்டைப்பையில் பேனாவைத் துழாவினான். கையைப் பிடித்துக்கொண்டேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே.

"அப்ப டச்சுக்காரனுக்கு எவ்ளோ ஃபைன்?"

"அவன் பேரை நீ அழிச்சா, உனக்குத்தான் ஃபைன்."